ஃபைட்டர் மீன் வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபைட்டர் மீன் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி நோய் பற்றியவை. பதில்களில் முக்கால்வாசி தண்ணீர் பற்றியவையாக இருக்கும். மருந்து தேடும் முன் தொட்டியைப் பாருங்கள் என்பதுதான் பலருக்கும் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: கடையில் ஃபைட்டரைச் சின்ன பிளாஸ்டிக் கப்பில்தான் வைத்திருக்கிறார்கள். "இதுக்கு மோட்டார் எல்லாம் வேண்டாம், மேலே வந்து காத்து குடிச்சுக்கும்" என்று கடைக்காரர் சொன்னார். மேசை மேல் வட்டக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கலாமா? (வாசகி, வில்லிவாக்கம்)

மேலே வந்து காற்று குடிக்கும் என்பது உண்மை. செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது. அதன் வழியாகக் காற்றிலிருந்தே நேராக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த உறுப்பு சமாளிப்பது ஆக்சிஜன் குறைவை மட்டும்தான். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் அமோனியாவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 2 லிட்டர் குடுவையில் சாகும் ஃபைட்டர்களில் பெரும்பாலானவை மூச்சுத் திணறிச் சாவதில்லை, அமோனியாவில் வெந்து சாகின்றன.

தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்கிற மீன் இது. அங்கே தண்ணீர் ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு பெரிது, செடி அடர்த்தி. கடைக்காரர் கப்பில் வைப்பது ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் இருக்க. விற்கும் வரைக்குமான ஏற்பாடு அது. நீங்கள் மூன்று நான்கு வருடம் வளர்க்கப் போகிறீர்கள்.

15 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் ஒரு சாதாரணக் கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். 8 அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டால் கிட்டத்தட்ட 20 லிட்டர். ஒரு ஃபைட்டருக்கு அது நல்ல அளவு. மேலே விடும் 2 அங்குல இடைவெளி மீன் காற்று எடுப்பதற்கு. மூடி கட்டாயம் வேண்டும். ஒன்று, ஃபைட்டர் எகிறிக் குதிக்கும். இரண்டு, மூடிக்குக் கீழே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது அந்த உறுப்புக்கு நல்லது.

ஃபில்டருக்கு ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் போதும். ஹாஃப்மூன் மாதிரி வால் பெரிதான ரகங்களால் வேகமான நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது, களைத்துப் போய் மூலையில் ஒதுங்கிவிடும். அதனால் காற்றுக் குழாயில் ஒரு வால்வு போட்டு, குமிழி மெதுவாக வரும்படி குறையுங்கள். பம்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னால் ஏறிப் பம்புக்குள்ளேயே போய்விடும்.

கேள்வி: புதுத் தொட்டி வாங்கி, தண்ணீர் நிரப்பி, மறுநாளே மீன் விட்டோம். நான்காம் நாளிலிருந்து மேலேயே தொங்குகிறது. செவுள் சிவந்திருக்கிறது. தண்ணீர் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. (வாசகர், கோவை)

முதலில் செய்ய வேண்டியது: இன்றே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நாளையும் மறுநாளும் அதேபோல மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் மருந்துக்குச் செலவழிப்பதை விட இதற்குச் செலவழிப்பது மேல். அளவு 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) காட்டினாலே தண்ணீர் மாற்ற வேண்டும். அமோனியாவுக்கு நிறம் கிடையாது, ஆகவே தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நடந்தது என்னவென்றால், உங்கள் ஃபில்டரில் இன்னும் பாக்டீரியா குடியேறவில்லை. ஒரு வகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதான நைட்ரேட், வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினால் அடங்கிவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் புது ஸ்பாஞ்சில் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி "பழகுவது" என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்கலாம். சுத்தமான அமோனியம் குளோரைடு 6 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் தொட்டிக்கு அதில் 20 மி.லி. விட்டால் அமோனியா ஏறத்தாழ 2 பிபிஎம் ஆகும். ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை சோதித்து, அமோனியா பூஜ்யத்துக்கு வந்தால் மறுபடி 20 மி.லி. விடுங்கள். நடுவில் நைட்ரைட் எகிறும், பயப்பட வேண்டாம். 20 மி.லி. விட்ட 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் ஓடவிடுங்கள். வேலை பல வாரம் குறையும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கழுவாதீர்கள். குளோரின் பட்டால் அத்தனை பாக்டீரியாவும் போய்விடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டித் தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர், போர்வெல், கேன் தண்ணீர் மூன்றும் உண்டு. எது நல்லது? (வாசகர், குரோம்பேட்டை)

மெட்ரோ தண்ணீரில் குளோரினை நீக்கிவிட்டால் நல்லது. அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்க, முடிந்தால் ஏர் பம்ப் ஓடவிட்டு வைத்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்கு ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, 10 லிட்டருக்கு 1 மி.லி. கலந்தால் வழக்கமான அளவு குளோரின் உடனே செயலிழக்கும்.

போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தாலும் ஃபைட்டர் பழகிக்கொள்ளும். ஆனால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8-ஐத் தாண்டினால் ஒரு ஆபத்து உண்டு. அதே அளவு அமோனியா, பிஎச் 7-இல் செய்யும் கேட்டைவிட 8-இல் ஏறத்தாழ பத்து மடங்கு கேடு செய்யும். அதனால் போர்வெல் தொட்டிக்காரர்கள் தீனியிலும் தண்ணீர் மாற்றுவதிலும் மற்றவர்களை விடக் கவனமாக இருக்க வேண்டும்.

கேன் தண்ணீரை எதுவும் கலக்காமல் அப்படியே ஊற்றாதீர்கள். ஆர்ஓ செய்ததில் தாது உப்புகள் மிகக் குறைவு, பிஎச் திடீரென்று சரியும். பாதி போர்வெல், பாதி கேன் என்று கலந்தால் அருமையான தண்ணீர் கிடைக்கும். எந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்தாலும் அதையே தொடருங்கள். வாரத்துக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது மீனுக்குச் செய்யும் மிகப் பெரிய கொடுமை.

கேள்வி: பாதாம் இலை போடச் சொல்கிறார்களே? (வாசகி, திருச்சி)

போடலாம். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு பாதாம் மரத்தில் தானாகப் பழுத்து உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். மருந்து அடித்த மரமோ, வண்டிப் புகை படியும் பெரிய சாலையோரமோ வேண்டாம். கழுவி, 20 லிட்டருக்கு உள்ளங்கை அளவு துண்டு ஒன்று. தண்ணீர் டீ நிறமாகும், அது டானின். பூஞ்சையை ஓரளவு மட்டுப்படுத்தும், மீன் பதற்றமில்லாமல் திரியும். மூன்று வாரத்தில் இலை நரம்பு மட்டும் மிஞ்சும், அப்போது மாற்றுங்கள். இது மருந்து அல்ல. நோய் வந்த மீனை இலை போட்டுக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: மீனின் வயிறு உப்பிவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. தினமும் மூன்று வேளை தீனி போடுகிறோம். (வாசகர், மதுரை)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஃபைட்டரின் இரைப்பை அதன் கண் அளவுதான் இருக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டு தீனி போடுங்கள். சின்ன பெல்லட் என்றால் காலையில் 3, மாலையில் 3. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. எப்போது பார்த்தாலும் கண்ணாடிக்கு வந்து ஆடும், அதைப் பசி என்று நம்பி ஏமாறக் கூடாது.

இப்போதைக்கு மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். தண்ணீர் 28 டிகிரியில் இருக்கட்டும். நான்காம் நாள் உயிருள்ள மொய்னா (மிகச் சின்ன நீர்ப்பூச்சி) கிடைத்தால் கொஞ்சம் கொடுங்கள், அதன் ஓடு மலச்சிக்கலை இளக்கும். பட்டாணியை வேகவைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். இது பூச்சி தின்னும் மீன், பட்டாணி வேண்டியதில்லை.

உற்றுப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மீனை மேலிருந்து பாருங்கள். செதில்கள் உடலோடு படிந்திருந்தால் மேலே சொன்னது போதும். அன்னாசிப் பழத்தோல் போலச் செதில்கள் தூக்கி நின்றால் அது டிராப்சி, உள்ளுறுப்பு செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது. அந்த நிலையிலிருந்து மீள்வது மிக அரிது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது. சாக்கடைச் சேற்றில் வளர்வது அது, நோயையும் கூடவே கொண்டுவரும். உறையவைத்த இரத்தப்புழு வாரத்துக்கு இரு முறை போதும். கொசுப்புழு அருமையான தீனிதான், ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். மீன் தின்னாமல் விட்டது கொசுவாகிவிடும்.

கேள்வி: காலையில் பார்த்தால் வாலில் பெரிய துண்டு காணவில்லை. தனியாகத்தான் இருக்கிறது. வால் அழுகலா? (வாசகி, சேலம்)

ஒரே இரவில், ஓரம் சுத்தமாக, அரைவட்டமாகத் துண்டு போயிருந்தால் மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கிறது. வால் கனமான ஹாஃப்மூன்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம். நீரோட்டம் வேகமா, பக்கத்துத் தொட்டியில் இன்னொரு ஆண் தெரிகிறதா, கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து நாள் முழுக்கச் சீறுகிறதா என்று பாருங்கள். தொட்டியின் பின்பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள்.

அழுகல் என்றால் மெதுவாக வரும். ஓரம் கறுத்தோ சிவந்தோ இருக்கும், நாளுக்கு நாள் பிசுபிசுத்துக் கரையும். இதற்கு முதல் மருந்து தண்ணீர்: ஒரு வாரம் தினமும் கால்வாசி மாற்றுங்கள். கூடவே லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத மெல்லிய சவ்வு தெரிந்தால் பயப்படாதீர்கள், அது புது வளர்ச்சி. அழுகல் உடம்பு வரை எட்டிவிட்டால் மீன் மருத்துவம் தெரிந்தவரைக் கேட்டு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். தெரிந்த மாத்திரையைப் பொடித்துப் போடுவது ஃபில்டரையும் கொல்லும், மீனையும் கொல்லும்.

கேள்வி: உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மெத்திலீன் புளூ விடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வெள்ளைப்புள்ளி நோய் இது. தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது மீனை விட்டு விழுந்து, அடியில் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால்தான் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்களுக்கு அடுத்த வாரமே திரும்ப வருகிறது.

தொட்டியிலேயே உப்பு வைத்தியம் செய்யுங்கள். லிட்டருக்கு 2 கிராம், அதாவது 20 லிட்டருக்கு 40 கிராம் கல்லுப்பு. தனியாகக் கரைத்து, இன்று பாதி, நாளை பாதி ஊற்றுங்கள். ஹீட்டர் வைத்து இரண்டு நாளில் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். ஏர் பம்ப் நிற்கக் கூடாது. குறைந்தது 10 நாள். இடையில் தண்ணீர் மாற்றினால், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு சேருங்கள். ஆவியாகிக் குறைந்ததை நிரப்பும்போது உப்பு வேண்டாம், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவை அழிக்கும், செடியைக் கெடுக்கும். பயன்படுத்துவதானால் தனி டப்பில்தான்.

இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கவும் செய்யுங்கள். புள்ளிக்குப் பதில் பொன் தூள் அப்பியது போல மின்னினால் அது வெல்வெட் நோய், இன்னும் வேகமானது. தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி வெளிச்சத்தை அடைத்து, செம்பு கலந்த மருந்தை அட்டையில் சொன்ன அளவில் விட வேண்டும். செம்பு நத்தைகளைக் கொன்றுவிடும், முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கப்பி, ஏஞ்சல், இன்னொரு ஃபைட்டர் சேர்த்து விடலாமா? (வாசகர், ஈரோடு)

இரண்டு ஆண் ஒருபோதும் வேண்டாம். ஆணும் பெண்ணும் நிரந்தரமாக ஒன்றாக வேண்டாம். பளபள வாலுள்ள ஆண் கப்பியை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கடிக்கும். ஏஞ்சல் ஃபைட்டரின் வாலைக் கொத்தும். 20 லிட்டரில் நத்தை ஒன்றிரண்டு போதும்.

கேள்வி: வெயில் காலத்தில் தண்ணீர் 33 டிகிரி போகிறது. என்ன செய்வது? ஊட்டியில் இருக்கும் தம்பி வீட்டில் வளர்க்கலாமா? (வாசகி, வேலூர்)

25 முதல் 28 வரை இதமான சூடு. 30, 31 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மூடியை எடுத்து வலை போட்டு, சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பைத் தடவும்படி திருப்பிவிடுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதை மட்டும் கேன் தண்ணீரால் ஈடுகட்டுங்கள், தாது உப்புகள் ஆவியாகாமல் தொட்டியிலேயே இருக்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர் குளிர் சூட்டைவிட மோசம்.

ஊட்டியில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. சமவெளியில் லிட்டருக்கு 1 வாட் கணக்கு. குளிர் ஊரில் 20 லிட்டருக்கு 50 வாட், தானாக அணையும் வகை. தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள், வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

கேள்வி: ஆண் மீன் நுரைக்கூடு கட்டியிருக்கிறது. இனப்பெருக்கம் செய்ய ஆசை. (வாசகர், கொளத்தூர்)

உங்கள் பகுதியிலேயே வண்ண மீன் கடைகளும் வளர்ப்பவர்களும் ஏராளம், நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் ஒரு கணக்கு: ஒரே முறையில் இருநூறு, முந்நூறு முட்டை இடலாம். இரண்டு மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி, தினசரித் தண்ணீர் மாற்றம். ஐம்பது ஜாடிக்காவது இடமும் நேரமும் இல்லையென்றால் கூட்டைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடியும் என்றால், தனித் தொட்டியில் 4 அங்குலம் தண்ணீர், 28 டிகிரி, அடியில் மணல் வேண்டாம். பாதி பாதாம் இலையும், பெண் ஒளிய நிறையச் செடியும் போடுங்கள். தெர்மோகோல் கப்பை நீளவாக்கில் பாதியாக வெட்டி மிதக்கவிட்டால் ஆண் அதன் அடியில் கூடு கட்டும். இரண்டு மீனுக்கும் ஒரு வாரம் நல்ல உயிர்த்தீனி. பெண்ணை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் வைத்து ஆணுக்குக் காட்டுங்கள். பெண்ணின் உடம்பில் செங்குத்துக் கோடுகள் தெரிந்து, வயிறு பருத்து, அடியில் வெள்ளைப் புள்ளி துருத்தினால் தயார். கூடும் கட்டி முடிந்திருந்தால் குப்பியிலிருந்து விடுங்கள்.

துரத்தலும் வால் கிழிவதும் இருக்கும். பிறகு ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்து அணைக்கும், முட்டைகள் வெள்ளை மணியாக உதிரும், ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். சில மணி நேரம் இது நடக்கும். பெண் ஒரு மூலையில் ஒதுங்கியதும் உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் கொன்றுவிடும். 24 முதல் 48 மணி நேரத்தில் பொரிந்து, குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டில் தொங்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் படுக்கைவாட்டில் நீந்தும். அன்றே ஆணையும் எடுங்கள்.

பலருக்கும் குஞ்சு சாவது அடுத்த வாரத்தில்தான். முதல் நான்கைந்து நாள் இன்ஃப்யூசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்), பிறகு அன்றன்று பொரித்த ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சின்ன இறால் வகை). 1 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, கீழிருந்து பலமான காற்று, 28 டிகிரி, வெளிச்சம் இருந்தால் 24 முதல் 30 மணி நேரத்தில் ஆர்டீமியா பொரியும். இந்த இரண்டு தீனியும் கையில் தயாரான பிறகுதான் மீன்களைச் சேர்க்க வேண்டும். காற்று குடிக்கும் உறுப்பு மூன்றாவது வாரத்துக்குப் பிறகே உருவாகும். அதுவரை தொட்டியைப் பாலித்தீன் தாளால் மூடி, மேற்பரப்புக் காற்று குளிராமல் பாருங்கள்.

கேள்வி: வாங்கும்போது வெள்ளையும் நீலமுமாக இருந்த மீன் இப்போது முழு நீலமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, புதுச்சேரி)

இல்லை. மார்பிள் ரகம் அது. அதன் மரபணுவிலேயே நிறம் மாறிக்கொண்டே இருக்கும் தன்மை உண்டு. நன்றாகத் தின்று நீந்தினால் கவலை வேண்டாம். ஆனால் எந்த ரகமானாலும் நிறம் வெளுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு கிடந்தால் அது நோய்.

கேள்வி: ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சொல்லித் தீனி போடச் சொல்லலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஐந்து நாள் சாப்பிடாமல் இருக்கும், ஒன்றும் ஆகாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டர் ஓடட்டும், விளக்கை அணைத்துவிடுங்கள். பத்து நாள் என்றால்தான் ஆள் வேண்டும். அப்போதும் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை போட வேண்டிய 4 பெல்லட்டைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுங்கள். மிச்சத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.